அப்பாவிடம் கேட்கக்கூடாத கேள்விகள்

1

போன மாதம் என் முதுகலை ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு முடிந்தது. இரண்டு தேர்வாளர்கள், ஒரு தண்ணீர்க் குடுவை, ஜன்னலுக்கு வெளியே பெர்கன் நகரத்தின் வழக்கமான மழை. எல்லாம் முடிகிற நேரத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டியபடி கேட்டார்: "ஒரு ஆய்வு முறையைத் தேர்ந்தெடுத்து, அனுமதி வாங்கி, ஒன்பது நேர்காணலும் முடித்த பிறகு முறையை மாற்றியிருக்கிறீர்கள். ஒரு பருவம் முழுக்க வீணாகியிருக்கிறது. ஏன்?"

நார்வேஜிய மொழியில் இரண்டு நிமிடம் பதில் சொன்னேன். தலையாட்டினார். தேர்ச்சி பெற்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதில் என் அப்பா இல்லை. இருக்கவும் கூடாது, அதுதான் விதி. இதை ஊர்க்காரர்கள் படிக்கிற இடத்தில் எழுதலாமா என்று அப்பாவிடமே கேட்டேன். "எழுது. பேர மட்டும் மாத்திரு" என்றார். மாற்றியிருக்கிறேன்.

இங்கே வந்து பதினோரு வருடமாகிறது. முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறேன். மகள் சாராவுக்குப் பதினான்கு வயது. படிப்பைத் தொடங்கிய இலையுதிர் காலத்தில்தான் என் கணவர் வீட்டைவிட்டுப் போனார். சண்டை, சத்தம் எதுவும் இல்லை. நகரின் மறுபக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டார். சாரா ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவரிடம். இந்த நாட்டில் பாதிப் பிள்ளைகளுக்கு இதுதான் ஏற்பாடு என்று பள்ளியில் ஆறுதல் சொன்னார்கள். அவளுக்கு அது பழகிவிட்டது. அவள் இல்லாத வாரங்களில், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலை வரை என் குரல் எனக்கே கேட்காது.

ஊரில் இதைச் சொல்லவில்லை. அம்மா போனில் கேட்கும்போதெல்லாம், "அவங்க வேலைக்குப் போயிருக்காங்கம்மா" என்பேன். வேலைக்குப் போயிருக்கிறார் என்பது எந்த நேரத்தில் சொன்னாலும் அநேகமாக உண்மைதான்.

2

எங்கள் இல்லத்தில் பழைய கப்பல்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். பதினாறு வயதில் கடலுக்குப் போய் அறுபதில் கரைக்கு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைப் பார்க்க மகள்கள் வருவார்கள். காப்பி குடிப்பார்கள், வானிலை பற்றிப் பேசுவார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்த மேசைகளைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பாவும் நானும் ஞாபகத்துக்கு வருவோம். அப்பா மஸ்கட்டில் இருபத்துநான்கு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அவர் போனபோது எனக்கு நான்கு வயது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். அவர் நிரந்தரமாகத் திரும்பியபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது.

அதனால், வளைகுடாவில் வெகுகாலம் இருந்துவிட்டு வயதான பிறகு ஊர் திரும்பிய ஆண்களைப் பற்றி ஆராயப்போகிறேன் என்று என் நெறியாளர் இங்கெரிடம் சொன்னேன். காரணம் கேட்டார். சின்ன வயதில் அப்பாவுக்காக ஏங்கினேன் என்று சொல்ல நினைத்து, 'சவ்னெர்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'மாங்லெர்' என்று சொல்லிவிட்டேன். ஏங்குகிறேன் என்பது முதலாவது. இரண்டாவது, என்னிடம் அது இல்லை, குறைகிறது என்பது. சமையலுக்கு உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி. 'எனக்கு அப்பா இல்லை' என்று புரிந்துகொண்டு இங்கெர் என் கையைப் பிடித்தார். "ஐயோ, உயிரோடுதான் இருக்கிறார்" என்று அவசரமாகத் திருத்தினேன்.

பிறகு ஒரு தாளை எடுத்து எனக்கு முன்னே ஐந்து வழிகளை எழுதிக் காட்டினார். வீட்டுக்கு வந்து அவற்றை என் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். ஒருவரையோ இருவரையோ எடுத்து, முழு வாழ்க்கையையும் சொல்லக் கேட்டு, அந்தக் கதை போகிற போக்கையே ஆராய்வது கதையாய்வு. ஒரே அனுபவத்தைப் பட்ட ஏழெட்டுப் பேரிடம் கேட்டு, எல்லாருக்கும் பொதுவான சாரத்தைப் பிரித்தெடுப்பது நிகழ்வியல். நிறையப் பேரிடம் கேட்டு, கேட்கக் கேட்க ஒப்பிட்டு, அவர்கள் சொன்னதிலிருந்தே ஒரு கோட்பாட்டைக் கட்டுவது இன்னொன்று. அங்கேயே மாதக்கணக்கில் தங்கிக் கூட இருந்து பார்த்து எழுதுவது இனவரைவியல். ஒரு தெருவையோ ஒரு வீட்டையோ எடுத்து எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்ப்பது நேர்வாய்வு.

"எது உயர்ந்தது என்று கேட்காதே" என்றார் இங்கெர். "உனக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேள்."

நான் எனக்கு எதற்கு வசதியில்லை என்றுதான் கேட்டுக்கொண்டேன். கூடவே தங்க எனக்கு நான்கு வாரம்தான் விடுப்பு. கோட்பாடு கட்ட அத்தனை பேரைப் பிடிக்க முடியாது. ஒரு வீட்டை எடுப்பதென்றால் எந்த வீட்டை? ஒருவருடைய முழுக் கதை என்றதும் எனக்குப் பயமாக இருந்தது. எனக்குக் கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒருவருடைய கதைதான், அவரைத்தான் கேட்கக்கூடாது. சொந்தக் குடும்பத்தாரை ஆய்வில் சேர்க்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மிச்சம் இருந்தது நிகழ்வியல். அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த முறையில் ஒரு நிபந்தனை உண்டு. ஆய்வு செய்பவர் தன் முன்முடிவுகளை எழுதி, தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். நான் இரண்டு பக்கம் எழுதினேன். முதல் வரி, 'இவர்கள் குடும்பத்துக்காகத் தங்கள் வாழ்க்கையைத் தியாகம் செய்தவர்கள்.' இங்கெர் வாசித்துவிட்டு, "இது உன் முன்முடிவா, அல்லது உண்மை என்று நினைக்கிறாயா?" என்றார்.

"உண்மை" என்றேன்.

தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். தரவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பதினாறு பக்கப் படிவம் அனுப்பினோம். குரல்பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள், எந்த நாளில் அழிப்பீர்கள் என்று கேட்டார்கள். அனுமதி வர ஏழு வாரமானது.

3

ஜனவரியில் ஊருக்குத் தனியாகப் போனேன். "மாப்பிள்ளை எங்க? பிள்ளைய ஏன் கூட்டிட்டு வரல?" என்று அம்மா கேட்டாள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றேன். அப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் எதையும் கேட்கிறவர் இல்லை.

எங்கள் வீடு அஞ்சுகிராமத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நேர்காணல்களுக்கு அப்பாதான் தன் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். ஆட்களையும் பெரும்பாலும் அவரே கண்டுபிடித்தார். ஜித்தாவில் லாரி ஓட்டியவர், குவைத்தில் சமையல்காரராக இருந்தவர், துபாயில் கம்பி கட்டியவர். ஆரல்வாய்மொழியில் ஒருவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசினோம். பிறகு போட்டுக் கேட்டால் முக்கால் மணிநேரப் பதிவில் பாதி காற்றுதான். அவரை மறுநாள் அறைக்குள் உட்காரவைத்து மறுபடி பேசவைத்தேன். போகிற வீடெல்லாம் அப்பா என்னை இறக்கிவிட்டு, தெருமுனையில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருப்பார். நான் வெளியே வந்ததும், "ஆச்சா?" என்பார்.

அவர்கள் பேச்சில் ஒரு சொல்லைக் கவனித்தேன். எங்கள் ஊரில் வெளிநாட்டில் வேலை செய்பவனை, 'அவன் சவூதியில நிக்கான்' என்றுதான் சொல்வோம். பிறந்ததிலிருந்து கேட்ட சொல். அதை நார்வேஜிய மொழிக்கு மாற்ற உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. இருபது முப்பது வருடம் இருந்த இடத்தைப் பற்றி ஒருவர்கூட 'வாழ்ந்தேன்' என்று சொல்லவில்லை. எல்லாரும் 'நின்னேன்' என்றார்கள். உட்காராத வாழ்க்கை. பொதுச் சாரம் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். இங்கெருக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பினேன்.

எட்டாவது வீட்டிலிருந்து திரும்பும் வழியில், வாழைத்தோட்டப் பக்கம் அப்பா வண்டியை நிறுத்தினார். டயரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டு கேட்டார்.

"எல்லாத்துட்டயும் கேக்க. எங்கிட்ட கேக்கமாட்டியா?"

"கேக்கப்பிடாதுப்பா. சொந்தக்காரங்கள சேக்கக்கூடாதுன்னு சட்டம்."

"அப்பிடி ஒரு சட்டமா?"

"மகள்கிட்ட அப்பா உள்ளத சொல்லமாட்டாருன்னு ஒரு கணக்கு. எனக்கும் உள்ளபடி கேக்க வராதாம்."

"அது சரிதான்" என்றார். வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, முகத்தைத் திருப்பாமலே, "வேற ஆளு கேட்டா கொள்ளாமா?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஒன்று நடந்தது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ரோஸ்லெட் அக்கா எதிரே வந்தார். கடைக்காரர் தங்கையனின் மனைவி. தங்கையன் இறந்து ஐந்தாறு வருடமாகிறது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா என் கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

காரணம் எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா நிரந்தரமாகத் திரும்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. தங்கையனின் கடையில் பாதியை வாடகைக்கு எடுத்து மின்சாமான் கடை போடுவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் தங்கையன் வாக்கு மாறிவிட்டார், வேறு வழியில்லாமல் அப்பா திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அம்மா அதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கண் கலங்கும். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தோடு பேச்சு இல்லை.

4

அப்பா கேட்டதை இங்கெரிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வேறொருவர் நேர்காணல் செய்யட்டும், அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்ப்போம் என்றார். என்னோடு படித்த ரூபன் ஒத்துக்கொண்டான். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்தவன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவன் வீடியோவில் அப்பாவிடம் பேசினான். முக்கால் மணிநேரம் என்று சொல்லியிருந்தான். இரண்டேகால் மணிநேரம் பேசியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் எழுத்துப் பிரதியோடு வந்தான். பக்கத்துக்குப் பத்துக் கேள்விக்குறி.

"அக்கா, உங்கட அப்பா கதைக்கிறதில அரைவாசி எனக்கு விளங்கேல்லை. 'மனசிலாச்சா, மனசிலாச்சா' எண்டு கேக்கிறார். என்ர மனசில என்ன ஆச்செண்டு கேக்கிறாராக்கும் எண்டு, 'நான் நல்லா இருக்கிறன் ஐயா' எண்டு சொன்னனான்."

"புரிஞ்சுதான்னு அர்த்தம்டா" என்றேன். சிரித்தோம். பிறகு அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"நீங்கள்தான் இதைச் சரிபார்க்க வேணும். ஆனால் கேட்டனான், மகள் வாசிக்கலாமோ எண்டு. ரெண்டு தரம் கேட்டனான்."

"என்ன சொன்னாரு?"

"பதினேழாம் பக்கத்தில இருக்கு."

சாரா இல்லாத வாரம் அது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதிவைப் போட்டு, தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ரூபன் நான் எழுதிக்கொடுத்த கேள்விகளைத்தான் வரிசையாகக் கேட்டான். என்ன கஷ்டப்பட்டீர்கள், எதை இழந்தீர்கள், எப்படித் தாங்கினீர்கள். அப்பா மரியாதைக்கு ஒவ்வொரு வரி சொன்னார். சூடு. கட்டில்மேல் கட்டில். பிறகு, குழந்தை மாதிரி, ரூபன் தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டான்: "ஐயா, உங்களுக்கு அங்க பிடிச்சது ஏதும் இருந்ததோ?"

காகம் கத்துகிற சத்தம் மட்டும் பதிவாகியிருந்தது.

"தம்பி, இத யாரும் கேட்டதில்ல" என்றார் அப்பா. "மத்தவங்க எல்லாம் அங்க நின்னேன்னு சொல்லுவாவ. நான் நின்னேன்னு சொல்லமாட்டேன். நான் அங்க இருந்தேன். மனசிலாச்சா? நல்லா இருந்தேன்."

அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில் பெஷாவர்க்காரர் ஒருவரோடு கடலோரம் தூண்டில் போடப் போனது. ஆஸ்பத்திரியில் ஏசி நின்றுவிட்டால் பெரிய டாக்டரே பெயர் சொல்லித் தேடியது. இந்தியும் அரபியும் பேசக் கற்றது. வெள்ளிக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவில் கட்டைக்குரல் பாட அவர் ஒருவர்தான் இருந்தாராம். என் அப்பா பாடுவார் என்பது எனக்குத் தெரியாது. ஊர் ஆலயத்தில் கடைசிப் பெஞ்சில் வாயைத் திறக்காமல் நிற்கிறவர் அவர்.

"ஊருக்கு வருவேன். வீட்டுல எல்லாத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கும். நான் இல்லாத வழக்கம். யாரையும் குத்தம் சொல்லல. அவ எழும்புவா, பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவா, மாட்டுக்குத் தண்ணி வைப்பா. நான் எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒதுங்கி வழி விடுவாவ. விருந்தாளிக்கு விடுத மாதிரி. ஒரு தடவ, கடை போடலாம், இங்கயே இருந்துரலாம்னு வந்தேன். நாப்பது நாள் இருந்து பாத்தேன். நானே போயி தங்கையன்கிட்ட சொன்னேன், எனக்குக் கடை வேண்டாம் அண்ணாச்சி, நீங்க தரமாட்டேன்னு சொன்னதா இருக்கட்டும்னு. அவரு பாவம், சரின்னாரு. பழிய அவரு சுமந்தாரு. சாவுத வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

ரூபன் கேட்டான்: "ஐயா, இதை உங்கட மகள் வாசிக்கலாமோ?"

"வாசிக்கட்டும்."

"அவவுக்குக் கவலையா இருக்கும்."

"அவ வாசிக்கதுக்குத்தான் தம்பி சொல்லுதேன்."

பதிவு நின்ற பிறகும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சின்ன வயதில் ஒவ்வொரு ஜெபத்திலும், 'அங்கே கஷ்டப்படுகிற அப்பாவை' என்று சொல்லித்தான் ஆரம்பிப்போம். அவர் அனுப்பிய சட்டையைக் கிழித்தால், 'அப்பா அங்க ரத்தம் சிந்தி அனுப்பினது' என்று அடி விழும். நான் செவிலியாகப் படித்ததும், வெளிநாடு வந்ததும், இங்கே வாய் திறக்காமல் எல்லாவற்றையும் தாங்குவதும், அவர் தாங்கினார் என்று நம்பித்தான். அவரோ தூண்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், பாடியிருக்கிறார்.

அன்று நான் சமைக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போய், ஒரு பழைய கப்பல்காரருக்குச் சவரம் செய்துவிடும்போது, "கடலில் சந்தோஷமாக இருந்தீர்களா?" என்று கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மகளிடம் சொல்லிவிடாதே" என்றார்.

5

இங்கெர் பிரதியை வாசித்துவிட்டு, "உன் ஆய்வில் இதுதான் மிகச் சிறந்த நேர்காணல்" என்றார். "முறையை மாற்று. உன்னையும் உன் அப்பாவையும் வைத்தே எழுதலாம். அப்படியும் ஒரு வழி இருக்கிறது. துறையிடம் நான் பேசுகிறேன்."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அஞ்சுகிராமத்துப் பக்கம் மஸ்கட்டில் ஏசி பார்த்த, கடை கைநழுவிப்போன ஆள் ஒருவர்தான். எந்தப் பெயர் வைத்தாலும் ஊருக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். ஆய்வில் கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அம்மாவிடம்கூட. அம்மா போனில், அந்த வாரம் ரோஸ்லெட் அக்கா காய்கறிக் கடையில் தன்னிடம் விலை கேட்டதையும், தான் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொன்னாள். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பாவைச் சேர்க்கவில்லை" என்றேன் இங்கெரிடம். "பழைய முறையிலும் தொடர முடியாது."

"ஏன்? ஒன்பது பேரும் ஒரே மாதிரிதானே சொல்லியிருக்கிறார்கள்?"

"ஒரே மாதிரி கேட்டேன். அதனால் ஒரே மாதிரி சொன்னார்கள்."

முன்முடிவைத் தனியே எழுதி வைத்துவிட்டதாக நினைத்தேன். அது என் கேள்வித்தாளில் வந்து உட்கார்ந்திருந்தது. அத்தனை கேள்வியும் கஷ்டத்தைப் பற்றித்தான். பிரித்தெடுக்கிற சாரத்தில் அப்பா மாதிரி ஒரு ஆள் காணாமல் போய்விடுவார். ஒருவரை முழுதாகக் கேட்டால்தான் கஷ்டமும் சந்தோஷமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கதையாய்வுக்கு மாறினேன். மறுபடியும் படிவம், மறுபடியும் ஆறு வாரம். முடிக்க வேண்டிய பருவம் தள்ளிப்போனது. அப்பாவின் பதிவை விதிப்படி அழிக்க வேண்டும். அழிப்பதற்கு முன் அவர் பாடகர் குழுவைப் பற்றிச் சொல்கிற இடத்தை இன்னொரு முறை கேட்டேன். ரூபனுக்காக ஒரு வரி பாடிக் காட்டியிருந்தார்.

ஒன்பது பேரில் மூவரை மறுபடி அழைத்தேன், வீடியோவில். முதலிலிருந்து கதையாகச் சொல்லுங்கள் என்றேன். நடுவில், நல்லா இருந்த நாள் ஒன்று உண்டா என்றும் கேட்டேன். ஜித்தாவில் லாரி ஓட்டியவர் முதலில் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

6

இதெல்லாம் நடந்தும் அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் பேசுவோம். சுகமா, சுகம், மழையா, மழை. கப்பல்காரர்களின் மேசை போலத்தான்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை அவரே கூப்பிட்டார். அம்மா பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"வாசிச்சியா?" என்றார்.

"வாசிச்சேன்ப்பா. அன்னைக்கே."

"கோவமா?"

"இருந்துச்சு."

"இருக்கும்" என்றார். "நீ சின்னப் பிள்ளையில எனக்கு எழுதின கடுதாசி எல்லாம் 'கஷ்டப்படும் அப்பாவுக்கு'ன்னுதான் இருக்கும். அத வாசிச்சிட்டு மீன் பிடிக்கப் போவேன். போற வழியெல்லாம் குத்தும். கொஞ்ச நேரம்தான். பொறவு மீன் கடிச்சிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு, "மெர்சி" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "நான் கேக்குதேன்னு நினைக்காத. வேற ஆளு கேக்குதுன்னு நினைச்சுக்க. அங்க நீ நல்லா இருக்கியா?"

பதினோரு வருடமாக எல்லாரும் கேட்டதுதான். ஆனால் 'சுகமா இருக்கேன்' வாயில் வரவில்லை.

"இல்லப்பா" என்றேன்.

பிறகு சொன்னேன். என் கணவர் வீட்டைவிட்டுப் போய் ஒன்றரை வருடமாகிறது என்பதை. சாரா வாரம் மாறி வாரம் வருவதை. அவளோடு தமிழில் பேச ஆரம்பித்தால் அவள் நார்வேஜியத்தில் முடிப்பதை. வேலையில் முப்பது பேரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பேசிவிட்டு, வீட்டில் ஒரு தட்டைக் கழுவி வைப்பதை. அப்பா நடுவில் ஒருமுறைகூடப் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று, "அப்பா?" என்றேன்.

"இருக்கேன் மக்கா. சொல்லு."

சொல்லி முடித்தேன். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"ஜனவரியிலயே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. கேக்கத் தெரியல" என்றார். "அம்மாகிட்ட நான் சொல்லுதேன். கூட எனக்க விசயத்தையும் சொல்லிப்போடுதேன். ரெண்டையும் ஒண்ணாக் கேட்டா, ஏசுறது ஒரே ஏச்சாப் போவும்."

"அப்பா, வேண்டாம். அம்மா தாங்கமாட்டா."

"ஏட்டி, அவ தாங்கமாட்டான்னு சொல்லித்தான முப்பது வருசம் ஓட்டியாச்சு."

7

ஒரே ஏச்சாகப் போகவில்லை. அம்மா அப்பாவோடு மூன்று வாரம் பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாளாம். என்னோடும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்து, அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அந்த மூன்று வாரமும் நான் இரவுப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

நான்காவது வாரம் ரோஸ்லெட் அக்காவின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். தனியாக. அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று அப்பாவுக்கே தெரியாது. மத்தியானம் போனவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினாளாம். கையில் ஒரு பாத்திரத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கு இருந்ததாம்.

அதற்கடுத்த சனிக்கிழமை, எனக்குக் காலை எட்டரை மணி, அவளே கூப்பிட்டாள். எடுத்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பனும் மவளும் ஒண்ணுதான். ஒருத்தரு அங்க சிரிச்சிக்கிட்டு இருந்துட்டு அழுதேம்பாரு. ஒருத்தி அழுதுக்கிட்டு சிரிக்கேம்பா. நான் இங்க யாருக்காவ ஜெவம் பண்ணினேன்? ஆளு மாத்தில்லா பண்ணியிருக்கேன்!"

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ரோஸ்லெட்டு என்ன சொன்னா தெரியுமா? அவளுக்குத் தெரியுமாம். அவரு சாவுததுக்கு முன்ன சொன்னாராம். தெரிஞ்சிக்கிட்டே நான் மூஞ்சியத் திருப்புத ஒவ்வொரு வாட்டியும் சிரிச்சிருக்கா. ஏன்டி எங்கிட்ட சொல்லலன்னேன். ஒனக்குப் பிடிச்சிக்கிட ஒண்ணு வேண்டாமாங்கா." அவள் குரல் மாறியது. "பிள்ள இந்த வாரம் எங்க நிக்கி?"

"அவங்க அப்பாகிட்டம்மா."

"அப்பம் நீ ஒத்தைக்கா இருக்க?"

"ம்."

"வேலைக்குப் போணுமா?"

"இல்ல. இன்னைக்கு லீவு."

"அப்பம் போன வைக்காத. ஒண்ணும் பேசாண்டாம். எனக்கும் பேச ஒண்ணும் இல்ல. அங்ஙனயே வச்சிரு. நான் சாளை வாங்கி வச்சிருக்கேன், கழுவணும்."

போனை எங்கோ சாய்த்து வைத்தாள். குழாய் திறந்தது. பாத்திரம் ஒன்று தரையில் உரசியது. மீன் செதிலைச் சுரண்டுகிற சத்தம் வந்தது. தூரத்தில் அப்பா ஏதோ கேட்டார். அம்மா, "அவ லைன்ல இருக்கா, சத்தம் போடாதிய" என்றாள். நான் என் போனை மேசையில் வைத்தேன். காப்பி போட்டேன். அங்கே மீன் கழுவி முடிகிற வரை குடித்துக்கொண்டிருந்தேன்.